ராம் கணக்கு எங்கே குறைகிறது? இயங்குதளம் துவங்கும்போது நினைவகம் தயாராகும் விதமும் அதைச் சரிபார்க்கும் வழிகளும்

8 ஜிபி ராம் பொருத்திய கணினியில் லினக்ஸை ஏற்றி, ஃப்ரீ என்ற கட்டளையைக் கொடுத்துப் பார்த்தால், மொத்தம் என்ற பத்தியில் 8 முழுதாக இருக்காது. ஏழரையோ ஏழே முக்காலோதான் இருக்கும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரோ என்ற ஐயம்தான் முதலில் வரும். பெரும்பாலும் ராம் அட்டையில் குறை ஏதும் இருப்பதில்லை. கணினியை முடுக்கிய முதல் சில நொடிகளுக்குள் அந்த நினைவகம் நான்கைந்து கைகள் மாறுகிறது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஒரு பகுதி ஏதாவது ஒரு தேவைக்காக எடுத்துவைக்கப்படுகிறது. எந்தக் கையில் எவ்வளவு நின்றது என்பதை, இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் பதிவுகளிலிருந்து கூட்டிக் கழித்துச் சொல்லிவிட முடியும். துவக்க நேரத்து நினைவகப் பிழைகளைத் தேடுவதும் பெரும்பாலும் இதே கூட்டல் கழித்தல்தான். கணக்கு எந்தக் கைமாற்றத்தில் ஒத்துவரவில்லை என்று தெரிந்துவிட்டால், பிழை எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதும் ஏறக்குறைய தெரிந்துவிடும்.

முதலில் ஓர் அடிப்படைச் செய்தி. நாம் எழுதும் சாதாரண நிரல் நினைவகம் வேண்டுமென்றால் கெர்னலைக் கேட்கிறது. கெர்னலின் முதல் கட்டளை இயங்கும்போதோ, அது கேட்பதற்கு யாரும் இல்லை. எவ்வளவு ராம் இருக்கிறது, அது எந்த முகவரியில் தொடங்குகிறது, அதில் எந்தப் பகுதியைத் தொடலாம் என்பவற்றில் எதுவும் அதற்குத் தெரியாது. முகவரி இருந்தால் அங்கே ராம் இருக்கும் என்று எண்ணுவதும் தவறு. செயலியின் முகவரிப் பரப்பில் ராமோடு சேர்ந்து, கணினியை முடுக்கியதும் முதலில் ஓடும் நிரலான பயாஸ் எழுதப்பட்ட ரோம், திரைக்கான நினைவகம், பிணைய அட்டை போன்ற சாதனங்களின் கட்டுப்பாட்டுப் பதிவகங்கள் எல்லாம் குடியிருக்கின்றன. இடையிடையே எதுவுமே இல்லாத வெற்றிடங்களும் உண்டு. ஓர் இடத்தில் எழுதிப் பார்த்து, திரும்பப் படித்துப் பார்த்து, ஒத்திருந்தால் ராம் என்று முடிவு செய்யலாமே என்று தோன்றலாம். சாதனத்தின் பதிவகத்தில் அப்படி எழுதினால் அந்தச் சாதனம் ஏதாவது ஒரு வேலையைத் தொடங்கிவிடக்கூடும். ஆகவே கேட்டுத் தெரிந்துகொள்வதே பாதுகாப்பான வழி.

கேட்காமலே துவங்கும் ஒரு சிறிய கெர்னல்

லினக்ஸுக்குப் போவதற்கு முன், எம்ஐடியில் பாடம் நடத்துவதற்காக எழுதப்பட்ட எக்ஸ்வி6 என்ற சிறிய இயங்குதளத்தைப் பார்ப்பது நல்லது. இந்த விஷயத்தைக் கற்க விரும்புகிறவர்களிடம் நான் முதலில் பரிந்துரைப்பது அதன் நினைவகப் பங்கீட்டுக் கோப்பைத்தான்; நூறு வரிக்குள் முடிந்துவிடும் அந்தக் கோப்பில், பெரிய கெர்னல்கள் செய்யும் பெரும்பாலானவற்றின் விதை இருக்கிறது.

இதன் இன்றைய வடிவம் ரிஸ்க்-ஃபைவ் செயலிக்கு எழுதப்பட்டது. கியூஎமு என்ற மெய்நிகர் கணினியில் ஓடுகிறது. இது யாரிடமும் எதையும் கேட்பதில்லை. 2 ஜிபி முகவரியில் ராம் தொடங்குகிறது, அதன் அளவு 128 எம்பி என்று நிரலிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். கெர்னல் தன் உருவம் முடியும் இடத்திலிருந்து அந்த 128 எம்பியின் இறுதி வரை, 4096 பைட்டுகள் கொண்ட பக்கம் பக்கமாக எடுத்து, காலிப் பக்கங்களின் சங்கிலியில் கோர்க்கிறது. சங்கிலிக்கென்று தனியாக இடம் ஒதுக்குவதில்லை. ஒவ்வொரு காலிப் பக்கத்தின் முதல் 8 பைட்டுகளிலேயே அடுத்த பக்கத்தின் முகவரி எழுதப்படுகிறது. காலியாகக் கிடக்கும் இடத்தையே அந்தக் காலியிடத்தின் கணக்குப் புத்தகமாகப் பயன்படுத்தும் இந்த உத்தி எனக்கு எப்போதும் பிடித்தமானது.

பக்கத்தைச் சங்கிலியில் சேர்ப்பதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்கப்படுகின்றன. முகவரி 4096 ஆல் மீதியின்றி வகுபடுகிறதா? கெர்னலின் இறுதி எல்லைக்குக் கீழே போகாமல் இருக்கிறதா? ராமின் மேல் எல்லையைத் தாண்டாமல் இருக்கிறதா? ஒன்று தவறினாலும் கெர்னல் அங்கேயே பேனிக் என்று நின்றுவிடுகிறது. அதன்பின் அந்தப் பக்கம் முழுவதிலும், பைட்டுக்குப் பைட்டு, 1 என்ற எண் நிரப்பப்படுகிறது. பிறகு யாராவது பக்கத்தைக் கேட்டுப் பெறும்போது 5 என்ற எண் நிரப்பிக் கொடுக்கப்படுகிறது.

இந்த நிரப்புதல் வீண்வேலை போலத் தோன்றும். பிழை நேர்ந்து, ஒரு சுட்டியின் மதிப்பு முழுக்க ஒன்றுகளாகத் திரையில் வந்தால், யாரோ ஏற்கெனவே திருப்பிக் கொடுத்துவிட்ட பக்கத்தை இன்னும் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள் என்று பார்த்தவுடனே புரிந்துவிடும். முழுக்க ஐந்துகளாக வந்தால், பக்கத்தை வாங்கியவர் அதில் தொடக்க மதிப்பு எதையும் எழுதாமலே படித்திருக்கிறார் என்று பொருள். பூஜ்யத்தை நிரப்பியிருந்தால் இந்த இரண்டு பிழைகளும் பல நேரங்களில் சத்தமில்லாமல் சரியாகவே இயங்கிவிடும். பூஜ்யம் நல்ல மதிப்பைப் போலவே நடிக்கத் தெரிந்த எண்.

இப்போது ஒரு சோதனை. கியூஎமுவுக்கு 128 எம்பிக்குப் பதிலாக 64 எம்பி மட்டும் கொடுத்து எக்ஸ்வி6ஐத் துவக்கினால், கெர்னல் துவங்குகிறது என்ற முதல் வரி திரையில் வரும். அதற்குப் பிறகு எதுவும் வராது. பிழைச் செய்தியும் வராது. பக்கங்களைக் கோர்த்துக்கொண்டே போன கெர்னல், 64 எம்பி எல்லையைத் தாண்டி இல்லாத ராமில் 1 நிரப்ப முயன்றிருக்கிறது. செயலி விதிவிலக்கை, அதாவது இந்தக் கட்டளையைத் தொடர முடியாது என்ற அறிவிப்பை, எழுப்பியிருக்கிறது. ஆனால் விதிவிலக்கைப் பிடித்துச் செய்தி எழுதும் பகுதி, நினைவகம் தயாரான பின்னர்தான் நிறுவப்படுகிறது. பிழை நடந்ததும் அதைச் சொல்ல வேண்டியவர் பிறக்காததும் ஒரே நேரத்தில் நேர்ந்துவிட்டன. துவக்க நேரத்துப் பிழைகளை மற்றப் பிழைகளிலிருந்து வேறுபடுத்துவது இந்த ஊமைத்தன்மைதான்.

ஃபர்ம்வேர் கொடுக்கும் பட்டியல்

உண்மையான கணினிகளில் ராமின் அளவு ஆளுக்கு ஆள் மாறும், எழுதிவைத்துக்கொள்ள முடியாது. இன்டெல், ஏஎம்டி செயலிகள் கொண்ட எக்ஸ்86 கணினிகளில் அந்தத் தகவலை, பலகையிலேயே பொதிந்த மென்பொருளான ஃபர்ம்வேர், அதாவது பயாஸ், தருகிறது. பழைய அழைப்பு ஒன்று, 1 எம்பிக்கு மேலுள்ள நினைவகம் எத்தனை கேபி என்று 16 பிட் எண்ணாகச் சொன்னது. 16 பிட்டில் 65535க்கு மேல் எண்ண முடியாது என்பதால், ஏறக்குறைய 64 எம்பியோடு அதன் குரல் நின்றுபோனது. அதற்குப் பின் வந்ததுதான் ஈ820 என்ற அழைப்பு. இது ஒரே எண்ணைச் சொல்லாமல், ஒரு பட்டியலை வரி வரியாகத் தருகிறது. ஒவ்வொரு வரியிலும் தொடக்க முகவரிக்கு 8 பைட்டுகள், நீளத்துக்கு 8, வகைக்கு 4 என 20 பைட்டுகள் இருக்கும். வகை 1 என்றால் பயன்படுத்தலாம். 2 என்றால் ஒதுக்கப்பட்டது. 3 என்பது மின் மேலாண்மை அட்டவணைகள் இருக்குமிடம், படித்து முடித்தபின் கெர்னல் எடுத்துக்கொள்ளலாம். 4 என்பதை எப்போதும் தொடக்கூடாது. 5 என்பது பழுதான இடம். கிராமக் கணக்கில் புறம்போக்கு என்று எழுதிய நிலத்தைப் போன்றது வகை 2: கண்ணுக்குக் காலியாகத் தெரிந்தாலும் உழக்கூடாது. பயாஸுக்குப் பின் வந்த யூஇஎஃப்ஐ என்ற ஃபர்ம்வேர் கொண்ட இன்றைய கணினிகளில் பட்டியலைப் பெறும் முறை வேறு, வகைகளும் அதிகம். ஆனால் லினக்ஸ் அதையும் இதே ஈ820 வடிவத்துக்கு மாற்றிக்கொள்வதால், பதிவைப் படிக்கிறவருக்குப் பெரிய வேறுபாடு இல்லை.

கியூஎமுவில் 128 எம்பி கொடுத்து, பழைய வகைக் கணினியாக லினக்ஸைத் துவக்கி, கெர்னலின் பதிவைக் காட்டும் டிமெஸ்ஜி கட்டளையின் முதல் சில வரிகளைப் படிப்போம். திரையில் முகவரிகள் பதினாறடிமான எண்களாக இருக்கும். நான் கேபியாக மாற்றித் தருகிறேன். 0 முதல் 639 கேபி வரை பயன்படுத்தலாம். 639 முதல் 640 வரை ஒதுக்கப்பட்டது. 960 முதல் 1024 கேபி வரை ஒதுக்கப்பட்டது. 1 எம்பியிலிருந்து, 128 எம்பிக்கு 128 கேபி குறைவான இடம் வரை பயன்படுத்தலாம். கடைசி 128 கேபி ஒதுக்கப்பட்டது. இவை போக, 4 ஜிபி எல்லைக்குச் சற்றுக் கீழே 256 கேபி ஒதுக்கப்பட்டதாக ஒரு வரி வரும். அது பயாஸ் ரோம், ராம் அன்று.

640 கேபியில் ஒரு பள்ளம் ஏன்? 1981இல் வந்த ஐபிஎம் பிசியின் 8088 செயலி 1 எம்பிக்கு மேல் முகவரியிட முடியாதது. அந்த 1 எம்பியில் மேல் 384 கேபியைத் திரைக்கும் ரோமுக்கும் ஒதுக்கிவிட்டார்கள். நாற்பது ஆண்டுகளைக் கடந்தும் அந்தப் பள்ளம் பதிவில் வந்துகொண்டிருக்கிறது.

இனிக் கணக்குப் போடலாம். 128 எம்பி என்பது 131072 கேபி. பயன்படுத்தலாம் என்ற இரு வரிகளின் கூட்டுத்தொகை 639உம் 129920உம் சேர்ந்து 130559 கேபி. வேறுபாடு 513 கேபி: பள்ளத்துக்கு 384, பயாஸ் தனக்கென வைத்துக்கொண்ட 1, இறுதியில் ஒதுக்கிய 128. ஒத்துவருகிறது. ஆனால் சற்றுக் கீழே, நினைவகம் என்று தொடங்கும் வரியில் கெர்னல் சொல்லும் மொத்தம் 130552 கேபி. இங்கே 7 கேபி எங்கே போயிற்று? கெர்னல் 4 கேபிப் பக்கங்களாக மட்டுமே எண்ணும். 639 கேபியில் முழுப் பக்கங்கள் 159தான். அவை 636 கேபி. மிச்சம் 3 கேபி துண்டாக விழுந்துவிடுகிறது. முகவரி பூஜ்யத்தில் இருக்கும் முதல் பக்கத்தைப் பயாஸ் தன் குறிப்புகளுக்குப் பயன்படுத்துவதால், கெர்னல் அதை ஒதுக்கப்பட்டதாக மாற்றிவிடுகிறது. அது 4 கேபி. மூன்றும் நான்கும் ஏழு. இப்படி ஒரு முறை கையால் கூட்டிப் பார்த்தவருக்கு அடுத்த முறை பதிவைப் பார்க்கும்போது குறையும் எண் தானாகவே கண்ணில் படும்.

பட்டியல் எப்போதும் நேர்மையாக இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. சில பயாஸ்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய வரிகளைக் கொடுக்கும். ஒரே இடத்தை ஒரு வரி பயன்படுத்தலாம் என்றும் மற்றொரு வரி ஒதுக்கப்பட்டது என்றும் சொல்லும். லினக்ஸ் பட்டியலை வரிசைப்படுத்தி, மோதும் இடங்களில் வகை எண் பெரிதாக உள்ளதையே ஏற்கிறது. எண் பெரிதாக ஆக எச்சரிக்கையும் கூடும் என்பதால், ஐயம் வந்தால் தொடாதே என்ற கொள்கை தானாகவே நிறைவேறிவிடுகிறது. ஒவ்வொரு வரியையும் கொடுக்கும்போது பயாஸ் எஸ்எம்ஏபி என்ற நான்கெழுத்துக் கையொப்பத்தைத் திருப்பித்தர வேண்டும். பாதியில் கையொப்பம் நின்றுபோனால் லினக்ஸ் அதுவரை வந்த வரிகளையும் சேர்த்து எறிந்துவிட்டுப் பழைய அழைப்புகளிடம் போகிறது. அரைகுறைப் பட்டியலை நம்புவதைவிட அது மேல்.

இதைவிட மோசமான வகையும் உண்டு. பயன்படுத்தலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பின்னர் அதே இடத்தில் தானே வந்து எழுதிவிட்டுப் போகும் பயாஸ்கள் இருக்கின்றன. இதைப் பிடிப்பதற்காகவே லினக்ஸில் ஒரு சோதனை இருக்கிறது. அதை இயக்கினால், கீழ்முனையின் முதல் 64 கேபியில் காலியாக உள்ள இடத்தைப் பூஜ்யமாக்கி வைத்து, 60 நொடிக்கு ஒரு முறை பூஜ்யம் பூஜ்யமாகவே இருக்கிறதா என்று பார்க்கிறது. மாறியிருந்தால் எந்த முகவரியில் எந்த மதிப்பு வந்தது என்று பதிவு செய்கிறது. இந்தத் தொல்லை தொடர்ந்ததால், 2021இல் வந்த 5.13 பதிப்பிலிருந்து எக்ஸ்86 கெர்னல் முதல் 1 எம்பியை முழுவதுமாக ஒதுக்கிவைத்துவிடுகிறது. அதற்கு முந்தைய பதிப்போடு ஒப்பிட்டு, கிடைக்கும் ராம் சில நூறு கேபி குறைந்துவிட்டதே என்று வியப்பவர்களுக்கு விடை இதுதான்.

எம்டிஆர்ஆர் எனப்படும் செயலிப் பதிவகங்கள் ராம் முழுவதையும் உள்ளடக்கவில்லை, இது பயாஸ் பிழை, இத்தனை எம்பி ராமை இழக்கிறோம் என்று கெர்னல் வெளிப்படையாகவே முறையிடும் ஓர் எச்சரிக்கை வரியும் உண்டு. எந்த முகவரிப் பரப்பை வேக நினைவகத்தில் தேக்கிவைக்கலாம் என்று செயலிக்குச் சொல்பவை அந்தப் பதிவகங்கள். பயாஸ் அவற்றை அரைகுறையாக நிரப்பியிருந்தால், விடுபட்ட பகுதி பன்மடங்கு மெதுவாகிவிடும். கணினி முழுவதும் தள்ளாடுவதைவிட அந்த ராம் இல்லாமலே இருக்கலாம் என்று கெர்னல் அதை வெட்டிவிடுகிறது. இந்த வரியைக் கண்டால் முதலில் பயாஸைப் புதுப்பித்துப் பார்க்க வேண்டும். ராம் அட்டையைக் கழற்ற அவசரப்பட வேண்டாம்.

இடைக்காலக் கணக்கர்

பட்டியல் கிடைத்தவுடன் கெர்னலின் நிரந்தரப் பங்கீட்டு அமைப்பைத் தொடங்கிவிட முடியாது. அந்த அமைப்புக்கு ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு குறிப்பேடு வேண்டும். குறிப்பேடுகளை வைக்க நினைவகம் வேண்டும். நினைவகத்தைக் கொடுக்க அமைப்பு வேண்டும். இந்த முடிச்சை அவிழ்ப்பதற்காக வைத்திருக்கும் இடைக்காலக் கணக்கரின் பெயர் மெம்பிளாக். முன்பு இந்த வேலையைச் செய்த பூட்மெம் என்ற பகுதி, 2018 டிசம்பரில் வெளிவந்த 4.20 பதிப்போடு நீக்கப்பட்டது.

மெம்பிளாக்கிடம் இரண்டே பட்டியல்கள் இருக்கின்றன: இருக்கும் நினைவகம் ஒன்று, அதில் எடுத்துக்கொள்ளப்பட்டது மற்றொன்று. ஒவ்வொன்றுக்கும் 128 வரிகள் கொண்ட நிலையான அட்டவணை கெர்னல் உருவத்திலேயே பொதிந்திருக்கும்; போதாமற்போனால் மெம்பிளாக் தன்னிடமிருந்தே இடம் வாங்கி அதை இரட்டிப்பாக்கிக்கொள்ளும். காலியிடம் என்பது முதல் பட்டியலில் இருந்து இரண்டாம் பட்டியலில் இல்லாதது, தனியாக எழுதிவைப்பதில்லை. ஆகையால் இரண்டாம் பட்டியலில் ஒன்றைச் சேர்க்க மறந்துவிட்டால் அது காலியிடமாகவே கருதப்படும். கெர்னலின் உருவம், கெர்னலை நினைவகத்தில் ஏற்றும் நிரலான பூட்லோடர் கொண்டுவந்து வைத்த தொடக்கக் கோப்பு முறைமை, நிரல்கள் காணும் முகவரிகளை ராமின் முகவரிகளாக மாற்றப் பயன்படும் பக்க அட்டவணைகள் ஆகியவை மற்றவர்களுக்கு இடம் கொடுக்கத் தொடங்குமுன் அதில் பதிவாகியிருக்க வேண்டும்.

சொந்தமாக ஒரு வன்பொருள் பலகைக்குக் கெர்னலைப் பொருத்துகிறவர்கள் அடிக்கடி விழும் குழி இது. தொடக்கக் கோப்பு முறைமையை ஒதுக்க மறந்தால் உடனே எதுவும் நடக்காது. கெர்னல் வேறு எதற்கோ அதே இடத்தைக் கொடுத்துவிடும்; வெகுநேரம் கழித்து, அந்தக் கோப்பைப் பிரிக்கும்போது, சுருக்கிய காப்பகத்துக்குள் குப்பை இருக்கிறது என்ற செய்தி வரும். அதைப் படித்தவர் கோப்பை மீண்டும் மீண்டும் உருவாக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார். நானும் ஒரு முறை இரண்டு மாலைப் பொழுதுகளை அப்படிச் செலவிட்டிருக்கிறேன். கோப்பில் தவறே இல்லை.

கெர்னலின் கட்டளை வரியில் மெம்பிளாக் என்பதற்கு டீபக் என்ற மதிப்பைக் கொடுத்தால், இந்தக் கணக்கர் சேர்ப்பது, ஒதுக்குவது, திருப்பித்தருவது ஒவ்வொன்றையும் முகவரியோடும், கேட்டது எந்தச் சார்பு என்ற பெயரோடும் பதிவு செய்வார். வரிகள் நூற்றுக்கணக்கில் வரும். எல்லாவற்றையும் படிக்கத் தேவையில்லை. கெட்டுப்போன இடத்தின் முகவரியை எடுத்துக்கொண்டு, அந்த முகவரி எந்த வரிகளின் எல்லைக்குள் வருகிறது என்று மட்டும் தேடினால் போதும். இரண்டு வரிகளில் வந்தால் அவற்றில் ஒன்றுதான் குற்றவாளி.

குறிப்பேடுகளும் மண்டலங்களும்

இப்போது நிரந்தர அமைப்பு உருவாகிறது. ஒவ்வொரு 4 கேபிப் பக்கத்துக்கும் ஸ்ட்ரக்ட் பேஜ் என்ற குறிப்பேடு ஒன்று. 64 பிட் கணினிகளில் அதன் அளவு வழக்கமாக 64 பைட்டுகள். 8 ஜிபிக்கு 2097152 பக்கங்கள்; குறிப்பேடுகளுக்கு மட்டும் 128 எம்பி. தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இங்கே ஒரு பகுதி விடை கிடைக்கிறது. கெர்னலின் நிரல், பயாஸ் ஒதுக்கியவை, செயலியோடு சேர்ந்த திரைப்பகுதி முன்கூட்டியே எடுத்துக்கொண்ட பங்கு ஆகியவற்றையும் சேர்த்தால் குறைந்த தொகை நிரம்பிவிடும்.

பக்கங்கள் மண்டலங்களாகப் பிரிக்கப்படுகின்றன. பழைய ஐஎஸ்ஏ சாதனங்கள் 24 பிட் முகவரிக்கு மேல் எட்டாதவை என்பதால் முதல் 16 எம்பி டிஎம்ஏ (சாதனங்கள் செயலியின் உதவியின்றி நேரே ராமை எட்டும் முறை) மண்டலம். 32 பிட் மட்டும் எட்டும் சாதனங்களுக்காக 4 ஜிபி வரை டிஎம்ஏ32. அதற்கு மேல் நார்மல். எந்தப் பக்கம் எந்த மண்டலம், பல செயலிகள் கொண்ட பெரிய கணினியானால் எந்த முனை (செயலியும் அதற்கு அருகிலுள்ள ராமும் சேர்ந்த தொகுதி) என்ற தகவல்களுக்குத் தனி இடம் கிடையாது. குறிப்பேட்டில் பக்கத்தின் நிலையைக் குறிக்கும் கொடிகள் என்ற ஒற்றை எண் இருக்கிறது. அதன் கீழ் பிட்டுகளில் கொடிகளையும், மேல் பிட்டுகளில் மண்டலம், முனை முதலியவற்றையும் நெருக்கி அடுக்கியிருக்கிறார்கள். கோடிக்கணக்கான குறிப்பேடுகள் இருக்கும்போது ஒவ்வொரு பைட்டும் விலை பெறும் என்பதால் இந்தச் சிக்கனம்.

நெருக்கி அடுக்கினால் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் ஆபத்து உண்டு. மண்டலத்தின் பிட்டும் முனையின் பிட்டும் ஓரிடத்தில் மோதிவிட்டால், ஒன்றை எழுதும்போது மற்றது மாறிவிடும். பக்கம் திருப்பித் தரப்படும்போது தவறான மண்டலத்தின் காலிப் பட்டியலில் போய்ச் சேரும்; கணினி உடனே விழாது, சில மணி நேரம் கழித்து, தொடர்பே இல்லாத ஓரிடத்தில் விழும். இதற்காகவே 2008இல், ஐபிஎம்மில் இருந்த மெல் கோர்மன், நினைவகத் துவக்கத்தைச் சரிபார்க்கும் ஒரு தொகுதியை லினக்ஸில் சேர்த்தார். அது செய்யும் வேலைகள் எளியவை. பிட்டுகளின் அகலங்களையும் இடங்களையும் பதிவில் எழுதி, அவை ஒன்றோடொன்று மோதவில்லை என்று சரிபார்க்கிறது. ஒவ்வொரு பக்கத்துக்கும் முனையும் மண்டலமும் எண்ணும் எழுதப்பட்ட உடனே அவற்றைத் திரும்பப் படித்து, எழுதியதும் படித்ததும் ஒன்றா என்று பார்க்கிறது; வேறுபட்டால் அங்கேயே கெர்னலை நிறுத்திவிடுகிறது. ஒரு மண்டலத்தில் இடம் தீர்ந்தால் அடுத்து எங்கே கேட்பது என்ற வரிசையையும் அச்சிடுகிறது. நார்மல் தீர்ந்தால் டிஎம்ஏ32, அதுவும் தீர்ந்தால் டிஎம்ஏ என்று அது இறங்க வேண்டும். எழுதியதை உடனே படித்துப் பார்ப்பது சிறுபிள்ளை வேலை போலத் தெரியலாம். சில மணி நேரம் கழித்து விழவேண்டிய கணினியை முதல் நொடியிலேயே விழவைப்பதுதான் அதன் பயன், முதல் நொடியில் விழும் பிழையைத் தேடுவது எளிது.

இந்தத் தொகுதி வல்லுநர்களுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காத கெர்னல்களில் இயல்பாகவே சேர்ந்திருக்கும். எம்எம்இனிட் லாக்லெவல் என்ற அளவுருவுக்கு 0 கொடுத்தால் அது மௌனமாக இருக்கும், 4 கொடுத்தால் எல்லாவற்றையும் சொல்லும். அதன் செய்திகள் மிகத் தாழ்ந்த முன்னுரிமை கொண்டவை என்பதால், பொதுவான லாக்லெவல் என்பதையும் 8 ஆக உயர்த்தாவிட்டால் திரையில் ஒன்றும் வராது. இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துவிட்டு, வேலை செய்யவில்லை என்று கைவிடுகிறவர்கள் பலர்.

எதுவுமே தெரியாமல் நிற்கும்போது

எக்ஸ்வி6இல் கண்ட ஊமைத்தன்மை லினக்ஸிலும் உண்டு. திரையில் எழுதும் முழுமையான இயக்கிக்கே நினைவகம் வேண்டும். அது தயாராகும் முன் கெர்னல் விழுந்தால் கறுப்புத் திரைதான். எர்லிபிரிண்ட்கே என்ற அளவுருவைச் சீரியல் போர்ட்டுக்குக் கொடுத்து, வேகத்தை 115200 என்று குறித்தால், நினைவகம் எதையும் கேட்காமல் ஒவ்வோர் எழுத்தாக அந்தக் கம்பியில் தள்ளும் எளிய வழி திறக்கும். மெய்நிகர் கணினியில் அந்தக் கம்பியை நம் முனையத்தோடே இணைத்துவிடலாம்.

கணினி எந்தச் செய்தியும் இல்லாமல் மீண்டும் மீண்டும் முதலிலிருந்து துவங்கிக்கொண்டே இருந்தால், பெரும்பாலும் பக்க அட்டவணை தவறாக இருக்கிறது. செயலி ஒரு முகவரியை எட்ட முடியாமல் விதிவிலக்கை எழுப்புகிறது. அதைக் கையாளும் நிரலும் அதே அட்டவணையின் வழியே எட்டமுடியாத இடத்தில் இருந்தால் இரண்டாம் விதிவிலக்கு. அதையும் கையாள முடியாதபோது செயலி கைவிட்டுத் தன்னை மீட்டமைத்துக்கொள்கிறது. இதற்கு டிரிப்பிள் ஃபால்ட் என்று பெயர். கியூஎமுவில் மறுதுவக்கத்தைத் தடைசெய்து, விதிவிலக்குகளைப் பதிவு செய்யச் சொன்னால், எட்ட முயன்ற முகவரி சிஆர்2 என்ற பதிவகத்தில் காத்திருக்கும். ஜிடிபி என்ற பிழைதேடும் கருவியை 1234 என்ற போர்ட்டில் இணைத்து முதல் கட்டளையிலிருந்தே அடியெடுத்துப் போகவும் முடியும். அப்போது கெர்னலின் இடத்தைத் துவக்கந்தோறும் மாற்றிவைக்கும் கேஏஎஸ்எல்ஆர் வசதியை அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பெயர்களும் முகவரிகளும் பொருந்தாது.

ராம் அட்டையே பழுது என்பது நான் கடைசியாக வைக்கும் ஐயம். கணக்குகள் எல்லாம் ஒத்துவந்தும் பிழை இடம் மாறி மாறித் தோன்றினால் மட்டுமே அங்கே போவேன். முழுச் சோதனைக்கு மெம்டெஸ்ட்86+ என்ற தனி நிரலை இரவு முழுதும் ஓடவிடுவது நல்லது. விரைவாகப் பார்க்க, கெர்னலிலேயே மெம்டெஸ்ட் என்ற அளவுரு இருக்கிறது. அது மெம்பிளாக்கின் காலியிடங்களில், முழுப் பூஜ்யம், முழு ஒன்று, ஒன்றும் பூஜ்யமும் மாறி மாறி வருவது என 17 வடிவங்களில் நாம் கேட்டவற்றை எழுதிப் படித்து, தவறும் இடங்களை மெம்பிளாக்கின் இரண்டாம் பட்டியலில் சேர்த்துவிடுகிறது. அதன்பின் அந்த இடம் யாருக்கும் போகாது.

பழுதான முகவரி தெரிந்துவிட்டால், மெம்மேப் என்ற அளவுருவால் அந்தச் சிறு பகுதியை மட்டும் நாமே ஒதுக்கிவைக்கலாம்: அளவு, டாலர் குறி, தொடக்க முகவரி என்பது அதன் வடிவம். இங்கே ஒரு பொறி. குரப் பூட்லோடரின் அமைப்புக் கோப்பில் டாலர் குறி மாறியின் பெயரைத் தொடங்கும் குறி. அதற்கு முன் பின்சாய்கோடு இட்டுக் காக்காவிட்டால் குரப் அதை விழுங்கிவிடும். குறி விழுங்கப்பட்ட வடிவத்தில் கெர்னல் அளவை மட்டுமே காண்கிறது. அளவு மட்டும் வந்தால், அதற்கு மேலுள்ள ராம் அனைத்தையும் விலக்கிவிடு என்று பொருள் கொள்கிறது. 64 கேபியை ஒதுக்கச் சொன்னவருடைய கணினி, தன்னிடம் 64 கேபி மட்டுமே ராம் இருப்பதாக எண்ணிக்கொண்டு துவங்காமலே நிற்கும். மறுதுவக்கத்துக்குப் பின், கெர்னல் தனக்கு வந்த கட்டளை வரியைப் பதிவின் தொடக்கத்திலேயே அச்சிடுகிறது; டாலர் குறி அதில் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். அந்த வரி வரும் அளவுக்குக்கூடக் கணினி நகரவில்லை என்றால், குரப் பட்டியலில் ஈ என்ற விசையை அழுத்தி அந்த அளவுருவை அழித்துவிட்டுத் துவக்கலாம்.

எல்லாம் நலமாக முடிந்தால், மெம்பிளாக் தன்னிடம் மிஞ்சிய காலிப் பக்கங்களை, 4 கேபி முதல் 4 எம்பி வரை இரண்டின் அடுக்குகளாகச் சேர்த்துவைக்கும் பட்டி (buddy) என்ற நிரந்தரப் பங்கீட்டாளரிடம் ஒப்படைக்கிறது. அதன்பின், பயன்படாத கெர்னல் நினைவகம் இத்தனை கேபி விடுவிக்கப்பட்டது என்று ஒரு வரி வரும். துவக்கத்துக்கு மட்டும் தேவைப்பட்ட நிரலும் தரவும் திருப்பித் தரப்படுகின்றன. எக்ஸ்86 கணினிகளில் வழக்கமாக மெம்பிளாக்கின் பட்டியல்களும் அவற்றோடு போய்விடும். 64 பிட் ஆர்ம் கணினிகளில் அவை பிறகும் தங்கியிருப்பதால், கெர்னலின் உள்நிலையைக் கோப்புகளாகக் காட்டும் டீபக்எஃப்எஸ் அடைவில் மெம்பிளாக் என்ற பெயரின் கீழ் இரண்டு பட்டியல்களையும் எப்போது வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். எக்ஸ்86இல் அந்தப் பக்கங்களில் இந்நேரம் வேறு யாருடைய தரவோ எழுதப்பட்டிருக்கும். வேண்டியதை முன்பே பதிவில் கேட்டு வாங்கியிருக்க வேண்டும்.